பூமணி ரீச்சர் ஏறிய ஓடை

செப்டம்பர் 26, வியாழன்

வதனி சொல்லித்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தால் அவளுக்குப் பிரஷர் ஏறுகிறதாம். புறுபுறுக்கிறதையெல்லாம் எங்கேயாவது எழுதிவைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வரட்டாம். டொலர் கடையில் இரண்டு விதக் கொப்பிதான் இருந்தது. ஒன்றின் அட்டையில் பூனை, மற்றதில் கொம்பு முளைத்த குதிரை. பூனையை எடுத்தேன்.

சரி, புறுபுறுப்பைத் தொடங்குகிறேன். என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, இரத்த அழுத்தம் கூடி, திங்கட்கிழமை சேர்த்தார்கள். பிள்ளை பிறக்கும்வரை இனி வீட்டுக்கு விடமாட்டார்கள். எத்தனை நாள் பிள்ளை உள்ளே இருக்கிறதோ அத்தனைக்கு நல்லது. ஆனால் அழுத்தம் எல்லை தாண்டினால் அன்றைக்கே வயிற்றை வெட்டி எடுத்துவிடுவார்கள். இவ்வளவையும் டொக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, பிள்ளையைப் பற்றி அல்ல, வதனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

அதை நான் எழுதப்போவதில்லை. பூனைக் கொப்பி அதற்கு உரியது இல்லை.

செப்டம்பர் 28, சனி

மத்தியானம் வதனி நித்திரை. மெர்சி என்கிற பிலிப்பைன்ஸ்கார நேர்ஸ் என்னை அறையை விட்டுத் துரத்திவிட்டாள். நான் விடுகிற பெருமூச்சுக்கு நோயாளி எழும்பிவிடுவாளாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சரிவு, சரிவின் அடியில் ஒரு ஓடை. சும்மா இறங்கினேன்.

யாரோ நாயைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்படி ஒரு சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தால் மீன். என் கை நீளம் இருக்கும். ஒன்று அல்ல, பத்து இருபது. முழங்கால் தண்ணீரில், முதுகு வெளியே தெரிய, கல்லில் வயிறு உரச, மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஸ்காபரோவில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். இந்த ஓடையைக் கடக்கிற பாலத்தின்மேல் வேலைக்கும் வீட்டுக்குமாக எத்தனை தரம் கார் ஓட்டியிருப்பேன். ஒரு நாளும் கீழே குனிந்து பார்த்ததில்லை. இதுவரை சால்மனை நான் தகரப் பேணிக்குள்தான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தபடி நின்றதில் நுளம்பு உள்ளே போய்விட்டது.

வதனியிடம் கை நீளம் என்றேன். நம்பவில்லை. "நீங்கள் நெத்தலியையும் சுறா எண்டுவீங்கள்" என்றாள். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சேர்த்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் முகம் வேறு ஒன்றை நினைத்ததைக் கண்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஓடையில் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். பெயர் டெனீஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வேலை முடிந்ததும் செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு இங்கே மீன்களுக்குக் காவல் நிற்கிறாள். பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். நானும் கல் எறிய வந்தவன் என்று நினைத்து முதலில் என்னையும் அதட்டினாள்.

அவள் சொன்னதை வதனிக்காக மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். இந்த மீன்கள் பிறந்தது இந்த ஓடையின் பரல்களுக்குள். விரலளவு இருக்கும்போதே ஏரிக்கு இறங்கிவிடும். மூன்று நாலு வருஷம் அந்தக் கடல் மாதிரி ஏரியில் சுற்றிவிட்டு, முட்டை இடுகிற காலம் வந்ததும் பிறந்த இடத்துக்கே திரும்பும். எப்படி வழி தெரியும் என்று கேட்டேன். மணம் என்றாள். எத்தனையோ ஆறுகள் வந்து கலக்கிற ஏரியில், தான் பிறந்த தண்ணீரின் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுமாம். ஓடைக்குள் நுழைந்த பிறகு ஒரு வாய் தின்னாதாம். எனக்கு வேலைக்குப் போகிற வழி ஜிபிஎஸ் இல்லாமல் தெரியாது.

முற்காலத்தில் இந்த ஏரிக்கே உரிய சால்மன் வேறு இனமாம். அணைகளும் ஆலைகளும் வந்து அது அழிந்துபோக, இவற்றை மேற்குக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். அதாவது இவையும் எங்களைப் போல வந்தேறிகள். ஊன்றிக்கொண்டன.

இப்போது ஒரு இடைஞ்சல். ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு பழைய அணைக்கட்டு, இடுப்பளவு உயரம். மழை இல்லாததால் கீழே மடுவில் தண்ணீர் காணாது. பாய்வதற்கு ஆழம் வேண்டும். மீன்கள் பாய்கின்றன, சுவரில் மோதுகின்றன, விழுகின்றன. நல்ல பரல் எல்லாம் அணைக்கு மேலேதான். உரிய நாளுக்குள் ஏறாவிட்டால் முட்டை வீண்.

உரிய நாள். எங்கே போனாலும் இந்தக் கதைதான்.

அக்டோபர் 3, வியாழன்

முதுகில் வெள்ளைத் தழும்போடு ஒரு பெரிய பெண் மீன். மற்றவை கிட்டே வந்தால் பாய்ந்து விரட்டுகிறது. வீடியோவைப் பார்த்த வதனி எழும்பி உட்கார்ந்து, "ஐயோ, இது எங்கட பூமணி ரீச்சர்" என்றாள். அவளுக்குக் கணக்குப் படிப்பித்தவவாம். வகுப்பில் ஒருவரும் அசையக் கூடாதாம். இனி நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி "ரீச்சர் ஏறிட்டாவோ?" என்பதுதான்.

பிரஷர் நேற்றைவிடக் குறைவு. மெர்சி இனி என்னைத் துரத்தாமல், ஓடைக்குப் போய்விட்டு வா என்று அனுப்புகிறாள்.

அக்டோபர் 5, சனி

இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். முட்டை இட்ட பிறகு இவை எப்போது ஏரிக்குத் திரும்பும் என்று டெனீஸிடம் கேட்டேன். சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்புவதில்லை என்றாள். தாயும் தகப்பனும், எல்லாம் இங்கேயே.

எங்கள் ஆட்கள் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். நானும் இந்தக் கொப்பியில் எடுக்கப்போவதில்லை. அதுவும் எங்களுக்கு இது மூன்றாவது தரம். முந்தின இரண்டையும் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

அறைக்குள் போனதும் வதனி அதையே கேட்டாள். "முட்டை போட்ட பிறகு ரீச்சர் என்னப்பா செய்வா?"

ஏரிக்குப் போய், ஓய்வெடுத்து, அடுத்த வருஷமும் வருவா என்றேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். பொய் சொல்வதில் இவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே தெரியாது. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லது என்றாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

பிரஷர் ஏறியது. ஊசி போட்டார்கள். இறங்கியது. மழை இல்லை.

அக்டோபர் 12, சனி

காலையில் டெனீஸும் அவளுடைய குழுவும் மடுவுக்குக் கீழே மணல் மூட்டை அடுக்கினார்கள். அதிகாரிகளிடம் அனுமதி வாங்கித்தான். மடுவின் வாசலைக் குறுக்கினால் உள்ளே தண்ணீர் உயரும், மீனுக்குப் பாய ஆழம் கிடைக்கும். நானும் வதனியின் அண்ணன் கேதீஸ் மச்சானும் மூட்டை சுமந்தோம். மச்சான் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். கொத்து ரொட்டி போட்ட கை, இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

விஜயதசமி. ரீச்சருக்கு உரிய நாள்தான், ஆனால் அவ இன்றைக்கும் ஏறவில்லை. நாலு தரம் பாய்ந்தா. நாலாவது தரம் உடம்பு முழுதும் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. இவ்வளவு பாரம் காற்றில் நிற்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தா. விழுந்த இடத்திலேயே திரும்பி, தலையை மறுபடி அணைப்பக்கம் வைத்துக்கொண்டா. எனக்கு ஏனோ கும்பிட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஆட்கள் நின்றதால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

கரையில் ஒரு ஆண் மீன் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கடற்புறா ஒன்று இருந்தது. அதை வீடியோ எடுக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

டெனீஸ் என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டாள். இருட்டுப்படுகிற நேரம் சிலர் மீனைக் கையால் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். சட்டப்படி குற்றம். பல மொழியிலும் போர்டு எழுதி வைத்துவிட்டார்கள், தமிழில்தான் இல்லை. ஏன் தயங்கினாள் என்று எனக்கு விளங்கியது. எங்கள் சனத்துக்கு உயிர் மீனைக் கண்டால் கண்ணுக்கு முன்னால் சட்டி தெரியும்.

குற்றம், தண்டம் என்று எழுதினால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். இப்படி எழுதினேன்: "இவை பிள்ளைத்தாச்சிகள். வழி விடுங்கள்." பின்னேரம் ஒரு குடும்பம் அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. மீனைத் தொடவில்லை.

மச்சான் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். தங்கச்சி உப்பில்லாத சோறு தின்று மெலிந்துவிட்டாளாம், உடம்பு தேற நல்ல மீன் சினை வேண்டுமாம்.

அக்டோபர் 18, வெள்ளி

மழை! விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. வதனி யன்னலைத் திறக்கச் சொன்னாள். அது திறக்காத யன்னல். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தலையிடி.

அக்டோபர் 21, திங்கள்

சனிக்கிழமை நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

பின்னேரம் நாலு மணி போல இறங்கினேன். ஓடை கலங்கி, நிரம்பி, சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. மடுவில் நல்ல ஆழம். மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. விழுந்தவை விழ, ஏறினவை ஏறின. ஒவ்வொன்று ஏறும்போதும் பாலத்தில் நின்ற சனம், முன்பின் தெரியாத சனம், ஒன்றாக மூச்சை இழுத்தது. சின்ன வயதில் தேர் இருப்பை விட்டு அசையும்போதுதான் இப்படி ஒரு அமைதியைக் கேட்டிருக்கிறேன்.

ரீச்சரை மடுவில் காணவில்லை. தேடிக்கொண்டு கீழ்ப்பக்கம் போனேன். வளைவில் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, அரிசிச் சாக்கோடு கேதீஸ் மச்சான் நின்றார். சாக்கு துள்ளியது.

"மச்சான், என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதையும். தங்கச்சிக்குச் சினை பொரிச்சுக் குடுக்கப் போறன்."

"நான் எழுதின போர்டைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். அது சனத்துக்கெல்லோ எழுதினது."

சாக்கைத் திறந்தேன். முதுகில் வெள்ளைத் தழும்பு. வாய் திறந்து திறந்து மூடியது. சாக்கின் அடியில் இரண்டு மூன்று முட்டைகள் செம்மஞ்சளாக, கண்ணாடி மணிபோல, ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதன் கடையைப் பூட்டிவிட்டு, குளிர் தண்ணீரில் இறங்கி நின்றது தங்கச்சிக்காக. "இதுவும் வயித்தில பிள்ளையளோட வந்தது, மச்சான்" என்றுதான் சொன்னேன். அவர் மீனைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்தார். அவருடைய வாய் கோணியது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார்.

"தூக்குவம்."

ஜக்கெற்றைக் கழற்றிக் கரையில் போட்டேன். சாக்கைத் தண்ணீரில் முக்கி, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, அணையின் ஓரத்துப் பாசிக் கல்லில் கால் வைத்து ஏறினோம். இரண்டு தரம் சறுக்கினோம். மேலே போனதும் சாக்கை விலக்கி, ரீச்சரை இரண்டு கையாலும் தாங்கி, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்தேன். முதலில் அசைவே இல்லை. செவுள் ஒன்று திறந்தது, மூடியது, திறந்தது. பிறகு உள்ளங்கையில் ஒரு நடுக்கம். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, முழு உடம்பும் ஒரே தசையாக இறுகியது. என் வாழ்க்கையில் கையில் பிடித்தவற்றில் இவ்வளவு உயிர் உள்ள ஒன்றைப் பிடித்ததில்லை. வாலால் என் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு, மேலே போய்விட்டா. மச்சானும் நானும் இடுப்புவரை நனைந்து, பைத்தியங்கள் போலச் சிரித்தோம்.

கரைக்கு வந்து ஜக்கெற்றை எடுத்தால் போன் அடித்து ஓய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு அழைப்புகள்.

சேறும் சப்பாத்துமாக ஓடினேன். மெர்சி வாசலிலேயே நின்றாள். வதனிக்கு வலிப்பு வந்ததும், உடனே வெட்டி எடுக்கக் கொண்டுபோனார்களாம். என்னுடைய ஈரத்தையோ மீன் வெடுக்கையோ பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துவாயைத் தந்து, என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். வதனி இன்னும் கண் திறக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

கண் திறக்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

பெட்டியின் பக்கத்துத் துளை வழியாகக் கையை விடச் சொன்னார்கள். விட்டேன். மகள் என் சின்ன விரலைப் பிடித்தாள். தீக்குச்சி போல விரல்கள். ஆனால் அந்தப் பிடி எனக்குத் தெரியும். சனிக்கிழமை உள்ளங்கையில் வந்த அதே நடுக்கம்.

மெர்சி பத்து நிமிஷம் காற்று வாங்கச் சொன்னாள். ஓடைக்குப் போனேன். அணைக்கு மேலே, தெளிந்த தண்ணீரில், ரீச்சர். பக்கவாட்டில் சரிந்து, வாலால் பரலை அடித்து அடித்துக் குழி தோண்டினா. முட்டை இட்டா. ஒரு ஆண் மீன் பக்கத்தில் வந்து போனது. பிறகு கொஞ்சம் மேலே போய் மறுபடி தோண்டினா, அந்தப் பரல் வந்து முதல் குழியை மூடியது. வால் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. நிறுத்துவதாக இல்லை. "காணும் ரீச்சர், நிப்பாட்டுங்கோ" என்று வாய்விட்டே சொன்னேன். அழுதேன். இதைப் புறுபுறுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அக்டோபர் 24, வியாழன்

காலையில் கண் திறந்தாள். தொண்டை கரகரத்தது. முதல் கேள்வி, "பிள்ளை?" இருக்கிறாள், என் விரலைப் பிடிக்கிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். நான் பயந்துபோய்க் குனிந்தேன். மூடியபடியே இரண்டாவது கேள்வி.

"ரீச்சர் ஏறிட்டாவோ?"

அக்டோபர் 28, திங்கள்

ரீச்சர் ஏரிக்குத் திரும்பிவிட்டா என்று வதனியிடம் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சாய்ந்த வில்லோ மரத்தடியில், அவவின் குழிக்குப் பக்கத்திலேயே. கடற்புறாவைத் துரத்தினேன். இழுத்துக் கரையில் புதைக்கலாமா என்று டெனீஸிடம் கேட்டேன். விடு என்றாள். உடம்பு ஓடைக்குள்ளேயே கரைய வேண்டுமாம். அதில் பூச்சி புழு பெருகும், மாரிக் குளிர் முடிந்து பரலுக்குள்ளிருந்து குஞ்சுகள் வெளியே வரும்போது தின்ன ஏதாவது இருக்கும். தாய் அவ்வளவையும் யோசித்து வைத்துவிட்டுத்தான் ஏரிக்குப் போயிருக்கிறா.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வதனியை வீட்டுக்கு விட்டார்கள். மகள் இன்னும் பெட்டியில். மச்சான் பத்தியக் கறி சமைத்துக் கொண்டுவந்தார். மீன் எங்கே வாங்கியது என்று வதனி கேட்டதற்கு, கடைப் பையையே எடுத்துக் காட்டினார். ஆக, சாக்குக் கதையை அவரே அவளிடம் சொல்லிவிட்டார்.

நவம்பர் 9, சனி

தினமும் மகளுக்குப் பால் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இன்றைக்குத் திரும்பும்போது வதனி, "ஓடையைக் காட்டுங்கோ" என்றாள். பிள்ளை பெற்ற துடக்கு, முப்பத்தோராம் நாள் இன்னும் கழியவில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்கு வரலாம், ஓடைக்கு வரக் கூடாதா என்றாள். சரிவு சறுக்கும் என்றேன். தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு அவளே இறங்கத் தொடங்கிவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

ஓடை அமைதியாக இருந்தது. கரை முழுக்க அவை. தோலும் முள்ளுமாக, கிளைகளில் சிக்கி, பரலில் பரவி. மணம் மூக்கைத் துளைத்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், இவை வேறு இனம், இவை ஏரிக்குப் போக மறந்தவை என்று ஏதோ உளறினேன்.

"ரீச்சரைக் காட்டுங்கோ" என்றாள்.

வில்லோ மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். தழும்பு இருந்த முதுகில் பாதிதான் மிச்சம். வதனி நெடுநேரம் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

"நீங்கள் ஏரிக்குப் போவா எண்டு சொன்ன அண்டைக்கே மெர்சியிட்டக் கேட்டனான். அவ எல்லாம் சொன்னவ."

"பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் கேட்டீர், ஏறிட்டாவோ எண்டு?"

"ஏறவேணும் எண்டுதான். பிறகு என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டுதானே அவவும் பாய்ஞ்சவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்கள் மீனுக்குப் பயப்பிடேல்லை எண்டும் எனக்குத் தெரியும். டொக்டர் உங்களுக்கு வெளியில வைச்சுச் சொன்னதை எனக்கும் சொன்னவர்."

அப்படியே ஒரு கல்லில் இருந்துவிட்டேன். இத்தனை நாளும் நான் சுமந்ததை அவளும் தனியே சுமந்திருக்கிறாள், அதுவும் வயிற்றுப் பாரத்தோடு. அவள் குனிய முடியாமல் குனிந்து என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்கோ. நான் மீன் இல்லையப்பா. நான் நிக்கிறன்."

ஏப்ரல் 13, ஞாயிறு

கொப்பியில் கடைசிப் பக்கம் மிஞ்சியிருந்தது. ஓடைக்கரை வாங்கில் இருந்து எழுதுகிறேன். நாளைக்கு வருஷப்பிறப்பு. மகளுக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. யாரைக் கண்டாலும் நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிறாள். அவளுக்கு நாங்கள் வைத்த வடிவான பெயரை விட்டுவிட்டு, மச்சான் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

டெனீஸ் வில்லோ மரத்தடிக்குக் கூட்டிப் போய், குனிந்து பார், அசையாதே என்றாள். முதலில் வெறும் தண்ணீர்தான். பிறகு கண் பழகியது. பரலின் நிழல் என்று நான் நினைத்தது அசைந்தது. ஊசி நீளம், உடம்பைவிடக் கண் பெரிது, நூறோ இருநூறோ. எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, நீரோட்டத்துக்கு எதிராக நிற்கப் பழகிக்கொண்டிருந்தன. தாயைக் கண்டதில்லை, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி எழுதலாம். பூமணி ரீச்சர் போன ஐப்பசியில், முட்டை எல்லாவற்றையும் பரலால் மூடிவிட்டு, இந்த மரத்தடியில் செத்துப்போனா.

பாலத்திலிருந்து வதனி கூப்பிடுகிறாள். பிள்ளைக்குப் பசியாம்.